தட்டில் கிடந்த கம்பி

கம்பி தட்டில் கிடந்தது. திரையிலோ அதன் முனை அவள் மூக்குக்குள் இருந்தது.

ஆபரேஷன் தியேட்டரில் வழிகாட்டும் கருவியைச் சரிபார்க்க அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. எப்போதோ எடுத்த தன் தலை ஸ்கேனைத் திரையில் ஏற்றி, மழுங்கிய கம்பியால் தன் மூக்கு நுனியைத் தொடுவாள். பச்சைக் குறி படத்திலும் நுனியில் உட்கார்ந்தால் எல்லாம் சரி. சூட்சுமம் எளிதானது. தலைமாட்டில் இருக்கும் பெட்டி காந்தப்புலத்தைப் பரப்புகிறது. கம்பியின் முனைக்குள் இருக்கும் கடுகளவு சுருள் அந்தப் புலத்தில் எங்கே நிற்கிறது என்பதைக் கணக்கிட்டு, கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் டாக்டருக்கு வழி காட்டுகிறது. பக்கத்தில் இரும்பு இருந்தால் புலம் வளையும், குறி தடுமாறும்.

முக்காலியை நகர்த்தினாள். தள்ளுவண்டியை வெளியே தள்ளினாள். குறி தடுமாறவில்லை. இருட்டில் சுவரைத் தடவிப் போகிறவனைப் போல, மெதுவாக மேலே ஏறியது.

படத்தை மூடினாள். டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மேஜைக்கு வரப்போவது அவள் தம்பி. பூஞ்சை அவன் மூக்கெலும்பை அரித்துக் கண்ணை நெருங்கியிருந்தது. வேறு கருவி வரும்வரை கண் தாங்காது; கண்ணுக்குப் பின்னால் மூளை.

"அக்கா, உள்ள மூளைன்னு ஏதாச்சும் கிடைச்சா பத்திரமா எடுத்து வை" என்றான், மயக்க மருந்து ஏறும்போது.

"இருந்தாத்தானடா கிடைக்கும்."

சிரித்துக்கொண்டே கண் மூடினான்.

உறிஞ்சுகுழாய் களக் களக்கென்று ரத்தத்தை இழுத்துக்கொண்டிருந்தது, சுட்ட சதையின் வாடை முகமூடியைத் தாண்டி நாக்கில் படிந்தது, பச்சைக் குறி டாக்டரின் கையோடு பிசகாமல் நகர்ந்தது. அவள் மூச்சு சீராகத் தொடங்கிய வேளையில் டாக்டர் கேட்டார்:

"ஏம்மா, என் கையில ஒரு கருவிதானே இருக்கு? திரையில எதுக்கு ரெண்டு குறி?"

ஒன்று மூக்கில். இன்னொன்று மூளையில்.

"பக்கத்துல இரும்பு ஏதாச்சும் இருக்கா பாருங்க" என்றார் டாக்டர்.

இல்லை. அவளுக்குத் தெரியும்.

இரண்டாவது குறி இறங்கி வந்தது. மூக்குக்கும் மூளைக்கும் நடுவே இருப்பது முட்டை ஓடு போன்ற மெல்லிய எலும்பு. அதன் மேல் வந்து நின்றது. காத்திருந்தது.

"எடுத்துடுங்க டாக்டர்! வெளிய எடுத்துடுங்க!"

"வர மாட்டேங்குதும்மா." இரண்டு கைகளாலும் இழுத்தார். "உள்ளேருந்து பிடிச்சு..."

படக்.

சத்தம் எல்லோருக்கும் கேட்டது. ரத்தம் டாக்டரின் கண்ணாடியில் பீய்ச்சி அடித்தது. கருவி பிடிவரை உள்ளே போனது. பிடியும் போனது. பின்னாலேயே அவர் விரல்கள், மூக்குத் துவாரத்தைக் கிழித்துக்கொண்டு. கணுக்கள் ஒவ்வொன்றாக முறிந்தன. அவர் அலறினார். மயக்க மருந்து டாக்டர் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தார். கை வந்தது. விரல்கள் வரவில்லை.

அவள் பெட்டியின் வயரைப் பிடுங்கினாள்.

தம்பியின் இதயத் துடிப்பு நேர்கோடானது.

திரை அணையவில்லை. அதில் தம்பியின் படம் இல்லை. இடப்பக்கம் வளைந்த மூக்குத் தண்டு. தினமும் காலையில் அவள் இதே திரையில் பார்க்கும் தன் மூக்கு.

நுனியில் ஒரு குறி.

இரண்டு கைகளாலும் மூக்கைப் பொத்தினாள். உள்ளங்கைக்குள் எதுவும் இல்லை. மூக்குக்குள் சில்லிட்டது.

தட்டில் கம்பி அசையாமல் கிடந்தது.

குறி ஏறியது. மெதுவாக. தடவித் தடவி. எலும்புக்கு வந்து நின்றது.

மேலே, மூளையில், இரண்டாவது குறி எரிந்தது.