இவர் அதே நபரா?

கடைசிப் படம் ஏறி முடிந்து ஒரு மணி நேரமாகியும் பெட்டி ஓயவில்லை. 'வேலை முடிந்தது' என்று போன் திரை சொன்னது. ஆனால் டிவிக்குக் கீழே, வைஃபை ரூட்டருக்குப் பக்கத்தில், ரொட்டி டப்பா அளவில் கறுப்பாக உட்கார்ந்திருந்த, போட்டோக்களைச் சேமிக்கும் அந்தச் சாதனத்துக்குள் இரண்டு ஹார்டு டிஸ்க்கும் கரக், கரக் என்று எதையோ எழுதிக்கொண்டே இருந்தன. வெளியே மதியம் பிடித்த மழை விடாமல் பெய்தது. சாத்திய ஜன்னல்களுக்குள் புது பிளாஸ்டிக் சூடேறும் வாசனை கூடம் முழுக்க நிறைந்து, நாக்கில் லேசாகக் கசந்தது.

"உள்ள எலி இருக்காப்பா?" என்றாள் வாலு. ஐந்து வயது மகளுக்கு வீட்டில் அதுதான் பெயர்.

"எலி இல்லடா. எழுதுது."

"யாரு?"

"பெட்டிதான்," என்றான்.

போன மாதம் ஒரு காலையில், வாய் நிறையப் பற்பசை நுரையோடு நின்றவள், "அம்மா மூஞ்சி எப்படிப்பா இருக்கும்?" என்று கேட்டாள். அம்மா போய் இரண்டு வருடம். கேட்டவள் நுரையைத் துப்பிவிட்டு விளையாடப் போய்விட்டாள். கேட்டுக்கொண்டவன்தான் குளியலறைக் கதவைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றான். இவளுக்கும் மறந்துவிட்டால் அவள் இரண்டாம் முறை சாவாள் என்று தோன்றியது. மனைவியின் பழைய போன், கீல் உடைந்த லேப்டாப், மேசை டிராயரில் உருளும் பென் டிரைவ்கள் என்று எங்கெங்கோ சிதறிக் கிடந்த அவள் முகத்தையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்துவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தான்.

கம்ப்யூட்டர் கடைக்காரர் தன் சரக்கைத் தானே குறை சொல்லி விற்கிற அபூர்வப் பிறவி.

"ஒரு டிஸ்க் வேணாம் சார், ரெண்டு போடுங்க. ஒண்ணுல எழுதறத அப்படியே இன்னொண்ணுலயும் எழுதிடும், கண்ணாடி மாதிரி. ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு இருக்கும்."

"அப்ப பயமில்ல."

"எல்லாரும் அங்கதான் சார் ஏமாறாங்க. ஒண்ணுல ஏதாவது தப்பா ஏறினா, அடுத்த நிமிஷம் அதே தப்பு இன்னொண்ணுலயும் ஏறிடும். கண்ணாடிக்கு நல்லது கெட்டது தெரியாது. மூணாவதா ஒரு காப்பி எடுத்து வேற வீட்ல வைங்க. அதுவரைக்கும் பழைய போன்ல கை வைக்காதீங்க."

அவன் பெரிதாகத் தலையை ஆட்டினான். இன்று மதியம், 'போனில் உள்ள படங்களை அழித்து இடத்தைக் காலி செய்யலாமா?' என்று செயலி கேட்டபோதும் அதே தலையைத்தான் ஆட்டினான். அந்தப் பழைய போனில் படம் வரைய வேண்டும் என்று வாலு காலையிலிருந்து நச்சரித்துக்கொண்டிருந்தாள். லேப்டாப்போ கடைசிப் படத்தைக் கொடுத்த கையோடு ஒரேயடியாகக் கண்ணை மூடிவிட்டது. பென் டிரைவ்களையும் ஏற்றிய கையோடு காலி செய்துவிட்டான். மூன்றாவது காப்பியைத் திங்கட்கிழமை எடுத்தால் போயிற்று. சோம்பேறிக்கு எல்லா நல்ல காரியமும் திங்கட்கிழமைதான்.

படங்களில் உள்ள முகங்களைப் பெட்டி தானாகவே பிரித்து அடுக்கியது. ஒரு வட்டத்துக்குள் வாலு, ஒன்றில் அவன், ஒன்றில் அவள். அவளுடைய வட்டத்தில் நானூற்றுப் பன்னிரண்டு படங்கள். கீழே பெயர் கேட்டது. 'அம்மா' என்று எழுதினான்.

எல்லாப் படத்திலும் அவள் பல் தெரியச் சிரித்தாள். அதற்குக் காரணம் இவன்தான். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்துப் பீங்கான் பல் செய்வது இவன் தொழில். படியில் விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டவளுக்கு இவன் செய்த பல்தான் இருவருக்கும் அறிமுகம். அந்தப் பல்லின் ஓரத்தில் சாய்வாக, மயிரிழை அளவுக்கு ஒரு வெண்கோடு விழுந்துவிட்டது. இவன் கைத்தவறு அது, இவனைத் தவிர யார் கண்ணுக்கும் தெரியாது. "பல்லக் காட்டாம சிரிச்சா உன் உழைப்பு வீணாயிடும்ல," என்பாள் அவள்.

பெயர் எழுதியதும் பெட்டி ஒரு படத்தை நீட்டிக் கேட்டது. இவர் அதே நபரா?

மருத்துவமனைக் கட்டில். முடியெல்லாம் கொட்டிய தலை. ஆம் என்று தொட்டான். அடுத்து, துணிக்கடைக் கண்ணாடியில் பாதி முகம். ஆம். கூட்டத்தின் நடுவே ஒரு முதுகு. அவளாகத்தான் இருக்கும். ஆம். இருட்டான மாடிப்படியில் ஒரு தோள், திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு முழங்கை, எந்தச் சுவர் என்று தெரியாத ஒரு சுவரில் சாய்ந்த நிழல். ஒவ்வொரு ஆமுக்கும் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. ஐந்நூறு. எழுநூறு. இரண்டு வருடமாக ஒன்றுகூடக் கூடாத எண்ணிக்கை அது. இழந்தவனுக்கு அந்தச் சந்தோஷம் போதையாக இருந்தது. பட்டினி கிடந்தவன் அள்ளித் தின்பது போல, பார்த்தும் பார்க்காமலும் தொட்டுக்கொண்டே போனான்.

"அப்பா, எனக்குத் தூக்கம் வருது."

"போய்ப் படு வாலு, இதோ வந்துடறேன்," என்றான், தலையைத் தூக்காமலே. மணி எட்டாகியிருந்தது. சின்னக் காலடிகள் நடைவழியில் போய்த் தேய்ந்தன.

முந்நூறாவது முறை ஆம் என்று தொட்ட பிறகுதான் படத்தின் தேதி கண்ணில் பட்டது. போன வருடம்.

ஏதோ கடிகாரக் கோளாறு என்று நினைத்தான். அடுத்த படம், இந்த வீட்டு நடைவழி. சுவரில் பச்சை நிறம். அந்தப் பச்சையை அவன் அடித்தது போன கோடையில். அந்தச் சுவரை ஒட்டி, முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண்.

இவர் அதே நபரா?

இல்லை என்று தொட்டான்.

அடுத்த படம் இந்தக் கூடம். டிவி. அதன் கீழே கறுப்புப் பெட்டி. பெட்டியே இந்த வீட்டுக்கு இன்று காலைதான் வந்தது. பெட்டியின் முன்னால் குனிந்திருக்கும் அவன். அவனுக்குப் பின்னால், ஒரு கை தூரத்தில், அவள். இந்தக் கோணத்தில் கூடத்தில் கேமராவே கிடையாது.

இவர் அதே நபரா?

இல்லை. இல்லை. இல்லை.

அப்படியும் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது.

திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. மழை வாசனையும் சூடான பிளாஸ்டிக் வாசனையும்தான். அவற்றுக்கு அடியில் அவனுடைய பட்டறை வாசனை, பல்லை ராவும்போது எழும் பொடி வாசனை, மெல்லிசாக.

கல்யாணப் படத்தைத் திறந்தான். பதிவு அலுவலக வாசலில், அவன் சொன்ன ஏதோ அசட்டு ஜோக்குக்கு அவள் வாய்விட்டுச் சிரித்த படம்.

அதில் அவள் வாய் மூடியிருந்தது.

அடுத்தது. மூடியிருந்தது. குழந்தையைக் கையில் ஏந்திய படம். மூடியிருந்தது. கண் அவள் கண்தான், மூக்கு அவள் மூக்குதான் என்று நம்பலாம் போல இருந்தது. ஆனால் ஒரு வெட்கமும் இல்லாமல் அத்தனை படத்திலும் ஒரே முகம், ஒரே கோணத்தில், உதட்டை ஒட்டி வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோம் என்று புரிந்தது.

பெட்டி இவ்வளவு நேரமாக எதை எழுதிக்கொண்டிருந்தது என்பதும் புரிந்தது.

முதல் டிஸ்க்கை உருவி வெளியே போட்டான். கைச்சூட்டைவிடச் சூடாக இருந்தது. இரண்டாவது டிஸ்க்கிலிருந்து படத்தைத் திறந்தான். அதே மூடிய வாய். கண்ணாடிக்கு நல்லது கெட்டது தெரியாது.

பென் டிரைவ்கள் ஏற்கெனவே காலி. பழைய போனை எடுத்தான். காலி. லேப்டாப் பொத்தானை அழுத்தினான், மறுபடி அழுத்தினான். அது விழிக்கவில்லை.

அப்போதுதான் நடைவழிக் கோடியிலிருந்து குரல் கேட்டது. வாலு பேசிக்கொண்டிருந்தாள். தூக்கக் கலக்கத்தோடு, மெதுவாக, இடைவெளி விட்டு. யாரோ பதில் சொல்லக் காத்திருப்பவள் போல.

தன் போனில் அவள் அறைக் கேமராவைத் திறந்தான். தனியாகத் தூங்கப் பழகியபோது மாட்டியது, இன்றுதான் பெட்டியோடு இணைத்தான். படம் வந்தது. சிவப்பு இரவு விளக்கு. மெத்தை. வாலு. பக்கத்தில் மெத்தை அமிழ உட்கார்ந்திருக்கும் ஒரு முதுகு.

படத்தின் கீழே அதே வரி.

இவர் அதே நபரா?

ஓடினான். பத்தே காலடி தூரம். கால் தடுக்கியது. சுவர். கதவு. ஒருக்களித்த கதவைத் தள்ளினான்.

"அப்பா," என்றாள் வாலு. அவள் விரல்கள் ஒரு சேலை நுனியைப் பிடித்திருந்தன. "இது அம்மாதானே?"

இல்லை என்று சொல்ல வேண்டும். இல்லை என்று சொல்ல, அவளுடைய நிஜ முகம் வேண்டும். கண்ணை இறுக மூடித் தேடினான். பதிவு அலுவலக வாசல். மூடிய உதடு. மருத்துவமனைக் கட்டில். மூடிய உதடு. அவனுக்குள்ளும் வேறு படம் இல்லை.

கூடத்தில், ஒற்றை டிஸ்க்கோடு, பெட்டி மறுபடி எழுதத் தொடங்கியது. கரக். கரக்.

"சொல்லுப்பா. அம்மாதானே?"

மெத்தையில் இருந்தது மெல்லத் திரும்பியது. அவனைப் பார்த்தது. முதல் முறையாக உதட்டைப் பிரித்துச் சிரித்தது.

மேல்வரிசை. கீழ்வரிசை. கடைவாய் வரைக்கும், அதற்குப் பின்னாலும். எல்லாம் அந்த ஒரே முன்பல். ஒவ்வொன்றின் ஓரத்திலும், சாய்வாக, அவன் கைத்தவறிய அந்த வெண்கோடு இருந்தது.