பட்டியலில் இருபத்து மூன்று

சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னாலேயே போய் நின்றார் பட்டியல்காரர். சொல்லிவிட்டுப் போனால் அவனவன் வேஷம் கட்டி வைத்திருப்பான் என்பது அவர் பட்டுத் தெரிந்துகொண்டது.

பழைய கட்டடங்களைப் போய்ப் பார்ப்பது, உள்ளே இருக்கும் சாமான்களுக்கு எண் ஒட்டுவது, பாதுகாக்கலாமா இடிக்கலாமா என்று எழுதிக் கொடுப்பது, இதுதான் அவர் வேலை. போன வருஷம் இருநூறு வருஷத்துக் கதவு என்று ஒன்றைப் பட்டியலில் ஏற்றினார். ஒரு தச்சன் அதைச் செய்து, புகை போட்டுக் கறுப்பாக்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அன்றிலிருந்து அலுவலகத்தில் அவர் பெயர் 'கதவு'. முதுகுக்குப் பின்னால் சொன்னாலும் பரவாயில்லை, டீ குடிக்கக் கூப்பிடும்போதே அப்படித்தான் கூப்பிட்டார்கள். இன்னொரு தரம் ஏமாந்தால் அங்கே தலைகாட்ட முடியாது. அதனால் இப்போதெல்லாம் தன் நிழலைக்கூட ஒரு தரத்துக்கு இரண்டு தரம் பார்த்துவிட்டுத்தான் நம்புவார்.

இந்தத் தடவை ஒரு வாசகசாலை. ஒரே ஒரு நீள அறைதான். இடிப்பதாக இருந்ததை, இது எங்களுக்கு வேண்டும் என்று தெருவே கையெழுத்துப் போட்டு நிறுத்தி வைத்திருந்தது. இவர் எழுதும் ஒரு வரியில் அது நிற்கும், இல்லை விழும்.

மத்தியானம் மூன்று மணிக்குக் கதவைத் திறந்துவிட்டவளைத் தெருவில் சாவி அக்கா என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். உள்ளே பழைய காகித வாசனை, அதற்கு மேலே பசை வாசனை. யாரோ இப்போதுதான் கிண்டி இறக்கி வைத்தது மாதிரி.

"இங்க யாரு பசை காய்ச்சினது?"

"யாரும் இல்லையே சார்." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அந்தக் கடைசி நாற்காலிய மட்டும் உள்ள தள்ளிராதீங்க."

மேசையின் கோடியில் ஒரு நாற்காலி மட்டும் ஒரு முழம் வெளியே இழுத்திருந்தது.

"ஏன், தள்ளினா என்னவாம்?"

"இந்த இடத்த முதன்முதல்ல பாத்துக்கிட்டவர் நாப்பது வருஷம் அதுலதான் உக்காந்து புத்தகத்துக்கெல்லாம் நம்பர் ஒட்டினாரு. அதுலயே போய்ச் சேந்தாரு. கடைசியா வெளிய போறவங்க அதை இழுத்து வச்சிட்டுப் போவோம். தள்ளினா என்ன ஆகும்னு தெரியாது சார். யாரும் தள்ளினதில்ல."

பட்டியல்காரருக்குச் சிரிப்பு வந்தது. மனு பலிக்கவேண்டும் என்று கூடவே ஒரு பேயையும் இணைத்திருக்கிறார்கள். யார் காதில் பூ சுற்றப் பார்க்கிறார்கள்? அவளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு உள்பக்கம் தாழ் போட்டார்.

மேசைக்கு ஒன்று. ஏழு அலமாரிகளுக்கு இரண்டு முதல் எட்டு. சுவர்க் கடிகாரம் ஒன்பது, மேசை விளக்கு பத்து. பன்னிரண்டு நாற்காலிகளுக்குப் பதினொன்று தொடங்கி இருபத்திரண்டு. எண் ஸ்டிக்கரை ஒட்டுவதும் படிவத்தில் எழுதுவதுமாக வேலை ஓடியது. கோடி நாற்காலிதான் இருபத்திரண்டு. ஒட்டினார், உள்ளே தள்ளினார், எழுதத் திரும்பினார்.

கிர்ர்ர்.

நாற்காலி வெளியே இழுத்திருந்தது.

நூல் கட்டியிருப்பார்கள் என்று மண்டியிட்டு டார்ச் அடித்துப் பார்த்தார். நூலும் இல்லை, கம்பியும் இல்லை. தரை வாட்டமாக இருக்கும் என்று ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். குமிழி நட்டநடுவில் நின்றது. விடவில்லை மனிதர். நாற்காலியைத் தள்ளி, கால்களைச் சுற்றி நாலு பக்கமும் சாக்குக்கட்டியைப் பொடித்துத் தூவினார். இழுக்கிறவன் எவனானாலும் கையும் களவுமாக மாட்டுவான்.

இந்தத் தடவை திரும்பவில்லை. கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

கடிகாரம் நின்றது. அதைத்தான் ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தார்.

கிர்ர்ர்.

நாற்காலி மறுபடி வெளியே வந்து நின்றது, பொடி மட்டும் கலையவே இல்லை.

பயந்துதான் போனார். ஆனால் பயந்தேன் என்று எழுதினால் 'கதவு' போய் 'பேய்' என்று பெயர் வரும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு, இத்தனை வருஷ உத்தியோகத்தில் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். எண் ஒட்டிய பொருளை இடம் மாற்றக்கூடாது என்பது அவர் வேலையின் முதல் விதி. எங்கேயாவது ஒன்று இடம் மாறியிருந்தால், 'திரும்ப வைக்க வேண்டும்' என்று சிவப்பு மையில் எழுதுகிறவரே அவர்தான். அந்த மனிதர் தாழை நீக்கி, இருபத்திரண்டைத் தூக்கிக்கொண்டுபோய் வாசலுக்கு வெளியே போட்டார்.

சாவி அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

"நாற்காலிய ஏன் சார் எடுத்தீங்க?"

"உங்க வித்தையெல்லாம் வேற யார்கிட்டயாவது வச்சுக்கோங்க."

"அப்போ அவர் எங்க சார் உக்காருவாரு?"

பட்டியல்காரர் உள்ளே போனார். மேசைமேல் குனிந்து, நின்றபடியே கடைசிக் கட்டத்தில் எழுதினார்: 'பேய் காட்டி ஏமாற்றும் முயற்சி. இடிக்கலாம்.' எழுதும்போது முதுகில் ஏதோ லேசாக அழுத்தின மாதிரி இருந்தது. உள்ளங்கை வைத்துத் தேய்ப்பார்களே, அந்த மாதிரி. சுவரில் சாய்ந்திருப்போம் என்று நினைத்துக்கொண்டார். சுவர் நாலடி தள்ளி இருந்தது. அவர் அதை அளக்கவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தபோது மனைவி கேட்டாள்.

"முதுகுல என்னங்க ஒட்டிக்கிட்டிருக்கு?"

உரித்துக் கையில் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். அவருடைய ஸ்டிக்கர்தான். இருபத்து மூன்று. பின்பக்கம் பசை ஈரமாக இருந்தது. பையில் இருந்த சுருளைப் பார்த்தார், இருபத்து நாலில் தொடங்கியது.

படிவத்தைத் திறக்கக் கை வரவில்லை. திறந்தார்.

'இடிக்கலாம்' என்பதை ஒரே கோட்டில் அடித்து, 'பாதுகாக்க வேண்டும்' என்று குண்டு குண்டாக, பழைய காலத்து எழுத்தில் எழுதியிருந்தது. பட்டியலின் அடியில் ஒரு வரி கூடியிருந்தது.

'எண் 23. ஆள். நல்ல நிலை. இடத்தில் இல்லை. திரும்ப வைக்க வேண்டும்.'

சிவப்பு மை.

வீடு முழுக்கப் பசை வாசனை அடித்தது. சாப்பாட்டு மேசையில் நாலு நாற்காலிகளும் உள்ளே தள்ளியிருந்தன. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வாசலைப் பார்த்த நாற்காலி மெல்ல ஒரு முழம் வெளியே வந்தது.

கிர்ர்ர்.

சத்தம் கேட்டு மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். பட்டியல்காரர் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். காலில் செருப்பு இருந்தது. எப்போது மாட்டினார் என்று அவருக்கே தெரியவில்லை.

"வந்ததும் வராததுமா மறுபடி எங்கங்க கிளம்பிட்டீங்க?"