நெருங்கிய உறவு

மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் துறைக்கென்று தனிக் கட்டடம் இருந்தது. அதன் வாசலில் காரை நிறுத்திய மாஸ்டர் உடனே இறங்கவில்லை. பளிச்சென்ற காலை வெயில். வெள்ளைக் கோட்டு மாணவிகள் இரண்டு பேர் படிக்கட்டில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள். பயப்படுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. ஆனாலும் அவர் ஸ்டியரிங்கை விடவில்லை.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். அதனால் பால்காரரிலிருந்து பாங்க் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். கல்யாணம் காட்சி என்று எதுவும் ஆகவில்லை. வீட்டில் அவரும் அம்மாவும் மட்டும். இப்போது அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதாவது, போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

"இறங்குடா. வந்தது வந்தாச்சு" என்றாள் பக்கத்தில் இருந்த அக்கா.

மாஸ்டர் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார். காலியாக இருந்தது. அதற்குப் பிறகுதான் கதவைத் திறந்தார்.

உள்ளே போனதும் மூக்கைத் துளைத்தது அந்த மருந்து வாடை. பதிவு அறையில் ஒரு பெண் அதிகாரி உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடியும் பொறுமையும் உள்ளவர். மாஸ்டர் மென்று முழுங்கி விஷயத்தைச் சொன்னார். அம்மா நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். தன் உடலை இந்தக் கல்லூரிக்குத் தருவதாக எப்போதோ எழுதிக் கொடுத்திருந்தாள். இறந்த அன்று இங்கிருந்து கூப்பிட்டபோது, மகன் என்ற முறையில் அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அப்புறம் அடக்கமும் செய்தாயிற்று.

"இப்ப அந்த வேண்டாமைத் திரும்ப வாங்கிக்க முடியுமா மேடம்?"

அதிகாரி அவரை நிமிர்ந்து பார்த்தார். இந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் எத்தனையோ விதமான மனிதர்களைப் பார்த்திருப்பார். இப்படி ஒருவரைப் பார்த்திருக்க மாட்டார்.

"சார், புதைச்சதைத் தோண்டணும்னா கோர்ட் உத்தரவு வேணும். அப்படியே எடுத்தாலும் எங்களுக்குப் பயன்படாது. அது முடிஞ்சு போன விஷயம்."

"அம்மாவே கையெழுத்துப் போட்டிருந்தாங்களே. அன்னிக்கு நீங்க ஏன் என் பேச்சைக் கேட்டீங்க?"

அவர் குரல் உடைந்துவிட்டது. அக்கா அவர் முழங்கையைத் தொட்டாள்.

"சட்டம் அப்படி சார். உயிரோட இருக்கும்போது ஒருத்தர் 'வேண்டாம்'னு சொல்லியிருந்தா, செத்தப்புறம் யாராலயும் மாத்த முடியாது. ஆனா 'தரேன்'னு சொல்லியிருந்தா, அது நெருங்கிய உறவு சரின்னு சொன்னாத்தான் நிக்கும். உடம்பு உங்க கையில இருந்துச்சு. அதனால உங்க வார்த்தைதான் எங்களுக்குக் கடைசி வார்த்தை."

"நான் அன்னிக்கே தலபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டாத்தானே" என்று அக்கா முணுமுணுத்தாள்.

அவள் அடித்துக்கொண்டது உண்மைதான். மாஸ்டர் மறுத்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. மாணவர்கள் அம்மாவைச் சுற்றி நின்று பார்ப்பார்கள் என்ற கூச்சம் பாதி. மீதிப் பாதி வெறும் பொறாமை. அம்மா தன் வாழ்நாளையெல்லாம் வார்டுக்கே கொடுத்தவள். மகனுக்குக் காய்ச்சல் அடித்தபோது அடுத்தவர் பிள்ளைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தவள். ஊருக்கே வாரிக் கொடுத்தாயிற்று, இந்த உடம்பாவது எனக்கு இருக்கட்டும் என்று அவர் நினைத்தார். நினைத்தபடி மண்ணுக்குள் வைத்து மூடினார்.

மூடிய மறுவாரமே அவள் காரில் ஏறிவிட்டாள்.

முதலில் வாசனைதான் வந்தது. டெட்டாலும் ஈர மண்ணும் கலந்த வாசனை. அப்புறம் பின்சீட்டில் ஒரு மூச்சு. அப்புறம் குரல். ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த நோயாளியையும் கேட்காமல் தொட மாட்டாள். "ஊசி போடறேன், சரியா?" என்பாள். நோயாளியின் வாயால் பதில் வரும்வரை ஊசியைக் கையில் பிடித்தபடி நிற்பாள். நினைவில்லாமல் கிடப்பவரிடம்கூடக் கேட்டுவிட்டுத்தான் போர்வையை விலக்குவாள். அப்படிப்பட்டவளைத்தான் ஒரு வார்த்தை கேட்காமல் புதைத்தாகிவிட்டது. இப்போது பின்சீட்டிலிருந்து அவள் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"வாக்கு குடுத்தாச்சுடா. அங்க மேசை காலியா இருக்கு."

இதையெல்லாம் அதிகாரியிடம் சொல்ல முடியுமா? மனநல வார்டுக்கு அல்லவா அனுப்பிவிடுவார். மாஸ்டர் தலை குனிந்துகொண்டார்.

அதிகாரிக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். "உங்க மனசு ஆறணும்னா ஒண்ணு பண்ணலாம். அம்மாவுக்குப் பதிலா நீங்க பதிவு பண்ணுங்க. நெருங்கிய உறவா உங்க அக்கா சாட்சிக் கையெழுத்துப் போடட்டும். உங்களுக்கு இன்னும் எவ்வளவோ காலம் இருக்கு. மனசு மாறினா, உயிரோட இருக்கற வரைக்கும் எப்ப வேணா வேண்டாம்னு சொல்லலாம். ஒரு போன் போதும்."

மாஸ்டருக்குப் பாரம் இறங்கியது போலிருந்தது. அம்மாவின் வாக்கை மகன் காப்பாற்றுவது, அவ்வளவுதானே. அவரும் அக்காவும் கையெழுத்துப் போட்டார்கள். நடுவில் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உருப்படியா ஒரு காரியம் பண்ணிட்டடா" என்றாள்.

வெளியே வரும் வழியில் பெரிய கூடம் ஒன்றின் கதவு திறந்திருந்தது. வரிசையாக மேசைகள், எல்லாவற்றின் மீதும் வெள்ளைத் துணி. ஒரு மேசை மட்டும் வெறுமனே இருந்தது. பணியாளர் ஒருவர் அதை அழுத்தித் துடைத்துக்கொண்டே யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

"இந்தப் பசங்க ஷூவோட மேல ஏறுதுங்களா என்ன எழவோ, தெரியல. தினம் காலையில வந்து பார்த்தா இது பூரா மண்ணு."

அவர் கையிலிருந்த துணி சிவந்திருந்தது. அம்மாவை வைத்த இடத்தின் மண்ணும் அதே சிவப்பு.

மாஸ்டர் அக்காவைப் பார்க்காமல் விடுவிடுவென்று நடந்தார்.

அதன் பிறகு சில நாட்கள் காரில் வாசனை இல்லை. பின்சீட்டில் மூச்சும் இல்லை. மாஸ்டர் வயிறாரச் சாப்பிட்டார். பழையபடி மாணவர்களைக் கிண்டல் செய்தார். கியர் மாற்றத் தெரியாத ஒருவரிடம், "அது கியர் சார், ஊறுகாய் ஜாடி இல்ல, போட்டுக் கிண்டாதீங்க" என்றுகூடச் சொன்னார். பேயும் கூடப் பதிவு அலுவலகத்தோடு சமாதானமாகிவிடும் போலிருக்கிறது என்று தனக்குள் சிரித்துக்கொண்டார்.

அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் நிலைக்கவில்லை.

அன்று வண்டி ஓட்டியது பாங்கில் வேலை பார்க்கும் ஒரு பெண். நடுப்பகல். சாலையில் கூட்டம் அதிகமில்லை. மாஸ்டர் பக்கத்துச் சீட்டில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். கற்றுக்கொடுக்கும் காரில் அந்தப் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் தடுமாறினால் மாஸ்டர் மிதித்துவிடுவார். இத்தனை வருஷத் தொழிலில் அந்த பிரேக் அவரை ஒரு நாளும் கைவிட்டதில்லை.

"அடுத்த சந்திப்புல நேராப் போங்க மேடம். பயப்படாதீங்க, நான் இருக்கேன்."

வெயிலிலும் எஞ்சின் சத்தத்திலும் அவருக்குக் கண் சொருகியது. பின்னாலிருந்து ஏதோ ஒரு பேச்சு. அதன் வால் மட்டும் அவர் காதில் விழுந்தது.

"...சரியா?"

"ம்ம்" என்றார்.

சின்ன வயதிலிருந்தே வந்த பழக்கம். அம்மா என்ன கேட்கிறாள் என்று காதில் வாங்காமலே ம்ம் கொட்டிவிடுவார். அதற்காக எத்தனை தடவை திட்டு வாங்கியிருக்கிறார்!

"யாருக்கு மாஸ்டர் ம்ம் சொன்னீங்க? நான் ஒண்ணும் கேக்கலையே" என்றாள் பாங்கில் வேலை பார்க்கும் பெண்.

அப்போதுதான் வாசனை வந்தது.

டெட்டால். ஈர மண்.

கேட்காமல் விட்ட பேச்சின் முதல் பாதி, மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து வருவதுபோல மெல்ல அவர் காதுக்கு வந்து சேர்ந்தது.

"மேசை இன்னும் காலியாத்தான் இருக்குடா. உன்னையே குடுத்துடறேன், சரியா?"

அவர் ம்ம் சொல்லியிருந்தார்.

சந்திப்பில் இடது பக்கத்திலிருந்து லாரி ஒன்று வந்தது. பாங்கில் வேலை பார்க்கும் பெண் அதைக் கவனிக்கவில்லை. மாஸ்டர் பதறிப்போய்த் தன் பிரேக்கை மிதித்தார்.

பிரேக் இறங்கவில்லை.

பிரேக்குக்கு அடியில் ஏதோ இருந்தது. மெத்தென்று, சில்லென்று. அவர் அழுத்த அழுத்த, அது கீழேயிருந்து அவர் காலை மேலே தள்ளியது. ஒரு பாதம், இன்னொரு பாதத்தை எப்படித் தள்ளுமோ அப்படி.

"நிறுத்துங்க! மேடம், நிறுத்துங்க!"

அவள் அலறிக்கொண்டே தன் பக்கத்து பிரேக்கை மிதித்தாள். கார் குலுங்கி நின்றது. லாரி அவர்கள் மூக்கை உரசுகிற மாதிரி ஹாரன் அடித்துக்கொண்டே கடந்து போனது. வகுப்புக்கு வந்து மூன்று நான்கு நாள்கூட ஆகாத அந்தப் பெண்தான் மாஸ்டரைக் காப்பாற்றினாள். அவள் அப்படியே அழுதுகொண்டே இறங்கி, ஒரு ஆட்டோவைக் கை காட்டிக் கூப்பிட்டு ஏறிப் போய்விட்டாள்.

மாஸ்டர் குனிந்து பார்த்தார். தன் பக்கத்து பிரேக்குக்கு அடியில் ஒரு கைப்பிடி சிவப்பு மண். இன்னும் ஈரம் காயவில்லை.

உயிரோட இருக்கற வரைக்கும் எப்ப வேணா வேண்டாம்னு சொல்லலாம். அதிகாரியின் வார்த்தை மட்டும்தான் அவர் மனதில் ஓடியது. சாலையோரம் காரை விட்டுவிட்டு, நடந்துகொண்டே கல்லூரிக்குப் போன் போட்டார். லைன் கிடைக்கவில்லை. மறுபடி போட்டார். யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று வந்தது. அக்காவுக்குப் போட்டார்.

"அக்கா, கேளு. நான் எழுதிக் குடுத்ததை வாபஸ் வாங்கறேன். வேண்டாம். நீ சாட்சி. என்னைப் பத்தி யாரு எப்பக் கேட்டாலும் நீ வேண்டாம்னுதான் சொல்லணும்."

"என்னடா ஆச்சு? ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"சொல்றேன்னு சொல்லு அக்கா. முதல்ல சொல்லு!"

"சரிடா, சொல்றேன். வேண்டாம்னுதான் சொல்வேன். நீ முதல்ல வீட்டுக்குப் போய்த் தண்ணி குடி. நான் இப்பவே கிளம்பி வரேன்."

அக்காவின் குரலைக் கேட்டதும் அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. உயிரோடு இருக்கிற அக்காவை மிஞ்சிச் செத்துப்போன அம்மாவா பேசிவிட முடியும்? சட்டம் என்று ஒன்று இருக்கிறதே. அம்மாவுக்கு எதிராக அன்றைக்கு நின்ற அதே சட்டம் இன்றைக்குத் தனக்குத் துணை நிற்கும் என்று அவர் உறுதியாக நம்பினார். வீட்டு மாடிப்படி ஏறி, பூட்டைத் திறந்து, கதவை மூடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

தண்ணீர் டம்ளரை எடுப்பதற்குள் யாரோ கதவைத் தட்டினார்கள்.

அக்கா அதற்குள் வந்துவிட்டாளா என்று திறந்தார். வெளியே காக்கிச் சட்டை போட்ட டிரைவர் நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு ஆள் மடக்கிய ஸ்ட்ரெச்சரைத் தூக்கி வைத்திருந்தார். கீழே தெருவில் கல்லூரியின் வெள்ளை வண்டி நின்றது.

"வணக்கம் சார். இந்த வீட்டுல மகன் தவறிட்டாராமே. எடுத்துட்டுப் போக வந்திருக்கோம்."

மாஸ்டர் கதவைப் பாதி சாத்தினார். "யாரு... யாரு சொன்னது?"

"ஒரு அம்மா போன் பண்ணாங்க சார். ரொம்பத் தன்மையாப் பேசினாங்க. பெத்தவ நான்தான், நெருங்கிய உறவும் நான்தான், எனக்குச் சம்மதம், அவன்கிட்டயும் கேட்டுட்டேன்னு சொன்னாங்க."

"அந்த மகன் நான்தான்யா! உயிரோடதான் நிக்கறேன், தெரியலையா? எனக்கு இஷ்டம் இல்ல. வேண்டாம்! போங்க!"

கத்தியபோது அவருக்குத் தன் குரலே புதிதாக இருந்தது. பயம், கோபம், உயிராசை எல்லாம் அதில் இருந்தன. டிரைவர் ஆடிப்போய்விட்டார். இரண்டு கையையும் கூப்பினார்.

"மன்னிச்சுக்கங்க சார். எவளோ ஒருத்தி விளையாடிட்டா போலிருக்கு. உயிரோட இருக்கறவர் வேண்டாம்னு சொல்லிட்டா அதுக்கு மேல பேச்சே இல்ல. நாங்க கிளம்பறோம்."

மாஸ்டருக்கு நிம்மதியில் அழுகை வந்துவிட்டது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். ஸ்ட்ரெச்சர்காரர் திரும்பிப் படியில் இரண்டு எட்டு இறங்கியும்விட்டார்.

டிரைவர் மட்டும் இறங்கவில்லை.

அவர் பார்வை மாஸ்டரின் முகத்திலிருந்து விலகி, தோளுக்கு மேலே, வீட்டுக்குள்ளே போய் நின்றது. பெரியவர்கள் பேசும்போது கேட்டுக்கொள்வதுபோலத் தலையைக் கொஞ்சம் சாய்த்தார். நடுவில் ஒருமுறை மரியாதையாகத் தலையாட்டினார். உள்ளேயிருந்து மாஸ்டர் காதில் ஒரு சத்தமும் விழவில்லை.

"சரிங்கம்மா" என்றார் டிரைவர். "அவசரமே இல்லைங்கம்மா. கீழ நிழல்ல நிறுத்திக்கறோம். எவ்வளவு நேரமானாலும் இருக்கோம்."

பிறகு கீழே இறங்கிப் போய், உள்ளே இருக்கிற சூடு இறங்கட்டும் என்று வண்டியின் பின்கதவை அகலத் திறந்து வைத்தார்.