நிமிர்ந்து நிற்கும் நாற்காலிகள்

ஐம்பது வருடம் ஓர் ஊர் மொத்தமும் உட்கார்ந்து சிரித்து, மூக்கைச் சிந்தி, இருட்டில் கைபிடித்துக் காதலித்த நாற்காலிகள் ஒன்று நூற்றிருபது என்று பேரம் படிந்தது. நூற்றைம்பதில் நின்ற தியேட்டர் முதலாளியை முப்பது இறக்கிய குஷியில் இரும்புக்கடைக்காரருக்கு மதியச் சாப்பாடே கூடுதலாக இறங்கியிருந்தது.

மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு. ஆள் எழுந்தால் தானாக மடிந்து நிமிரும் ஸ்பிரிங் நாற்காலிகள். ஸ்பிரிங் வேலை செய்தால்தான் காசு. டார்ச்சோடு பின்வரிசையில் நின்று எண்ணினார். கீழே திரைக்குப் பக்கத்தில் அவர் மச்சான் ஸ்பேனரோடு முதல் நட்டுடன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்தவை முந்நூற்றுப் பதினொன்று. நடுவரிசையில் ஒன்று மட்டும் விரிந்து கிடந்தது.

வாசலுக்கு வந்து, "ஒண்ணு அவுட்டு. நூத்திருபது கழிச்சுக்குவேன்" என்றார்.

டிக்கெட் கிழித்த அம்மாள், தியேட்டர் மூடி நாலு வருடமாகியும் தினம் வந்து பெருக்குகிறவள், ஸ்டூலை விட்டு எழவில்லை. "நேத்துதான் எல்லாத்துக்கும் எண்ணெய் விட்டேன் அண்ணே. ஒண்ணும் கெடலை."

"அப்ப ஏன் விரிஞ்சு கிடக்கு?"

"மொத்தத்துல நிமிர்ந்ததை எண்ணிக் கழிச்சா மீதி ஆளு. இருபது வருஷமா இருட்டுல அப்படித்தான் எண்ணினேன்."

"ஓடாத படத்துக்கு ஆளா? நல்ல வியாபாரம்."

"இடிக்காம காப்பாத்தணும்னு ஊர்ல மனு கொடுத்தாங்கல்ல. ஒரு ஷோ நிறையட்டும், விக்கலைன்னு முதலாளி சொன்னாரு." புடவையில் தன் டார்ச்சைத் துடைத்துக்கொண்டாள். "நிறையும்னு சொல்லிட்டேன்."

போன் அடித்தது. மனைவி. "என் தம்பி சாப்பிட்டானா? போனை எடுக்கவே மாட்டேங்கிறான்."

"உன் தம்பியை நான் முழுங்கிடலை. கையோட கூட்டிட்டு வர்றேன்."

சொல்லும்போதே கவனித்தார். ஸ்பேனர் சத்தம் நின்றிருந்தது.

வாசல் திரைச்சீலையை விலக்கி உள்ளே நுழைந்ததும் வெளியே இருந்த மூன்று மணி வெயில் கத்தரித்ததுபோல் அறுந்துபோனது. சற்றுமுன் எலிப்புழுக்கையும் ஈரச்சுவரும் நாறிய அந்தப் பெரிய இருட்டில் இப்போது தலைக்கு வைத்த எண்ணெயும் வியர்வையும் நெருங்கி உட்கார்ந்த உடம்புகளின் வெதுவெதுப்புமாக ஒரு வாசம் மெல்ல மெல்ல மேலேறி வந்து அவர் முகத்தில் படிந்தது.

"மச்சான்?"

டக்.

டார்ச்சைத் திருப்பினார். இடது ஓரத்தில் ஒரு நாற்காலி விரிந்திருந்தது. அதில் யாருமில்லை. மெத்தை மட்டும் பள்ளமாகிக்கொண்டிருந்தது.

டக். டக்.

திரும்பி ஓடியிருப்பார். ஆனால் மச்சான் இல்லாமல் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது? இரண்டு படி இறங்கினார். பழக்க தோஷம், வாய் தானாக எண்ணியது. நிமிர்ந்தவை இருநூற்று நாற்பது. எண்ணி முடிப்பதற்குள் வரிசை வரிசையாக, மழை பிடிப்பதுபோல், டக் டக்கென்று விரிந்தன. அறுபது. யாரோ இருமினார்கள். பதினேழு. ஒரு குழந்தையை யாரோ அதட்டி அடக்கினார்கள். மூன்று.

நடுவரிசையில் மச்சானின் நீலச் சட்டை. அப்பாடா என்றிருந்தது.

"டேய், எழுந்து வாடா. அக்கா தேடுறா."

மச்சான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். திரையில் ஒன்றுமில்லை.

"மறைக்காதீங்க மாமா," என்றான். "உக்காருங்க."

டக். டக்.

ஒன்று. மச்சானுக்குப் பக்கத்தில்.

பின்னால் கதவைத் தாழிடும் சத்தம். பிறகு இன்னொரு டார்ச். அதன் வெளிச்ச வட்டம் அவர் காலடியில் விழுந்து, படிப்படியாக இறங்கி, அந்தக் கடைசி நாற்காலியில் போய் நின்றது. தாமதமாக வந்தவருக்கு வழிகாட்டுவது போல.

மச்சான் திரும்பவில்லை. கையை மட்டும் நீட்டி நாற்காலியை அவருக்காக விரித்துப் பிடித்துக்கொண்டான்.

நிமிர்ந்தது ஒன்றுமில்லை. மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு. உட்கார்ந்தவர்கள் முந்நூற்றுப் பதினொன்று.

பாக்கி, ஒன்று.