அஞ்சுவேலி

வீரைப்பட்டி அய்யனார் காட்டில் மரம் வெட்ட வந்தவர்கள் ஒளிந்து வரவில்லை. பட்டப்பகலில் மின்ரம்பங்களோடு வண்டியில் வந்தார்கள். வழியில் பார்த்தவர்களை நலம் விசாரித்தார்கள். ஊர்க்காரர்களும் பதிலுக்கு விசாரித்தார்கள். காட்டில் மூன்றில் ஒரு பங்கு போன பிறகும் ஊரில் ஒருவருக்கும் கோபம் வரவில்லை.

எல்லோருடைய காதுக்குப் பின்னாலும் தோலுக்கடியில் தணிப்பான் இருந்தது. அரிசி அளவே உள்ள கருவி. பயமும் துக்கமும் மூளையில் தலைதூக்கும்போதே அமர்த்திவிடும். முதலில் விபத்தில் சிக்கியவர்களுக்குப் பொருத்தினார்கள். பிறகு தேர்வெழுதும் பிள்ளைகளுக்கு, பேருந்து ஓட்டுநர்களுக்கு, கடைசியில் எல்லோருக்கும். தற்கொலைகள் குறைந்தன. அடிதடி வழக்குகள் அருகிப்போயின. அதை எடுத்துவிடலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. கவலையே வராதவருக்கு அதைப் பற்றிய கவலை மட்டும் எங்கிருந்து வரும்?

தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டைக் காத்து வந்தது பயம்தான். ஒரு கிளையை ஒடித்தால் அய்யனார் கண்ணைப் பறித்துவிடுவார் என்று நம்பினார்கள். விழுந்து கிடக்கும் சுள்ளியைக்கூடத் தொடமாட்டார்கள். அந்த நம்பிக்கை இன்னும் போய்விடவில்லை. கேட்டால், சாமி கண்ணை எடுத்துவிடும் என்றுதான் பூசாரி சாத்தையா சொல்லுவார். வெயில் அதிகம் என்று சொல்லுகிற அதே குரலில் சொல்லிவிட்டு, மரம் ஏற்றிய வண்டிக்கு ஒதுங்கி வழிவிடுவார்.

வனத்துறை தன் பொறியாளர் அழகம்மையை அனுப்பியது. காவலர்களை நிறுத்திப் பார்த்தாள். அவர்களுக்கும் தணிப்பான் இருந்ததால், மரம் விழுவதை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதன்பின்தான் அவள் அச்சத்தால் காக்கும் அஞ்சுவேலியை உருவாக்கினாள். காட்டைச் சுற்றிக் கம்பங்களை நட்டு, அவற்றிலிருந்து ஓர் அலையை உள்நோக்கிப் பரவவிட்டாள். எல்லைக்குள் கால் வைத்தவரின் தணிப்பான் தூங்கிவிடும். வெளியே வந்ததும் விழித்துக்கொள்ளும். புதிதாக எந்தப் பயத்தையும் அந்த வேலி உண்டாக்கவில்லை. அவரவர் பயம் அவரவருக்குத் திரும்பக் கிடைத்தது, அவ்வளவுதான்.

அது போதுமானதாக இருந்தது. வெட்ட வந்தவர்கள் ரம்பத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஒருவன் அய்யனாரின் மண்குதிரைக் காலடியில் விழுந்து கும்பிட்டான். பூசைக்குப் போன சாத்தையா தட்டை நழுவவிட்டுவிட்டு வெளியே வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேறு தேங்காய் இருக்கிறதா என்று கேட்டார். இரண்டு மழைக்காலம் போனது. வீரை மரங்களின் அடியில் கன்றுகள் தலைகாட்டின. மற்ற மாவட்டங்களிலிருந்தும் அழகம்மையிடம் விவரம் கேட்டார்கள்.

மூன்றாம் வருடம் சாத்தையாவின் மனைவி பொற்கிளி, விளக்கேற்ற ஆளில்லாமல் தானே உள்ளே போனாள். அவர்களுடைய ஒரே மகன் அய்யாத்துரை கண்மாயில் மூழ்கிச் செத்துப் பல வருடம் ஆகியிருந்தது. அவன் செத்த அன்று அவள் துக்கத்துக்கு வந்தவர்களுக்குச் சோறாக்கிப் போட்டுவிட்டு நன்றாகத் தூங்கியவள். காட்டுக்குள் குதிரையின் அருகே போனபோது அய்யாத்துரை செத்துப்போனான் என்பது அவளுக்கு முதல்முறையாக உறைத்தது. பொழுது சாயும்வரை அழுதாள். மறுநாளும் போனாள். என்ன நடக்கிறது என்று கேட்டவர்களிடம், "எம்புள்ளைக்கு நான் இன்னும் அழுவவே இல்ல. அங்க போனா அழுவ வருது" என்றாள்.

பக்கத்து வீட்டுக்காரி கூடப் போனாள். பிறகு தெருவே போனது. பிறகு வேன்களில் வெளியூர்க்காரர்கள் வந்தார்கள். விதவைகள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், எதை இழந்தோம் என்றே தெரியாதவர்கள். பயந்து நடுங்கிக்கொண்டே உள்ளே போய், அழுது முடித்து வெளியே வந்து, தேநீர் குடித்துவிட்டு வண்டி ஏறினார்கள். காட்டுத்தரை களம்போல இறுகியது. கன்றுகள் மிதிபட்டுச் செத்தன.

சேதத்தை அளக்க வந்த அழகம்மை வெளியிலேயே ஊரைக் கூட்டிப் பேசினாள். வேலியை நிறுத்திவிட்டால் கூட்டம் வராது என்றார்கள். மரம் வெட்ட மறுபடி வருவார்களே என்று அவள் கேட்டபோது, வந்தால் வரட்டும் என்றார் சாத்தையா. அவளுக்கும் அது சரியாகவே பட்டது. பொற்கிளி மட்டும், இந்தப் பேச்சை உள்ளே வந்து பேசுங்கள் என்றாள். மறுக்க யாருக்கும் காரணம் இல்லாததால் போனார்கள்.

உள்ளே நாலடி வைத்ததுமே அழகம்மையின் அம்மா செத்துப்போனாள். ஒரு மத்தியானத்தில் அடக்கம் முடித்து, சாயங்காலம் வேலைக்குத் திரும்பிய அந்தச் சாவு மார்பில் வந்து முட்டியது. கையில் பட்ட மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுற்றிலும் வெட்டுப்பட்டு நின்ற அடிமரங்களை எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டாள். ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் திட்டினார்கள், அழுதார்கள். சாத்தையா வெட்டுப்பட்ட அடிமரம் ஒன்றைத் தொட்டுத் தொட்டு, "பாத்துக்கிட்டு நின்னேனே, பாத்துக்கிட்டே நின்னேனே" என்று அரற்றினார். கடைசியில் குதிரையின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார்கள். நாளையிலிருந்து யாரும் உள்ளே வருவதில்லை. முறைவைத்து எல்லையில் நின்று வெளியூராரைத் திருப்பி அனுப்புவது. பொற்கிளி மட்டும் ஓர் ஓரமாக உட்கார்ந்துகொள்ள விடும்படி கெஞ்சினாள். ஒரு தழையைக்கூட மிதிக்கமாட்டேன் என்றாள். சரி என்றார்கள். அழகம்மை அவள் கையைப் பிடித்துக்கொண்டு, என்ன ஆனாலும் வேலியை நிறுத்தமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாள்.

பொற்கிளியை அங்கேயே விட்டுவிட்டுக் கம்பத்தைத் தாண்டியதும் மற்ற எல்லோருக்கும் மூச்சு சீரானது. சத்தியத்தின் ஒரு சொல்லும் மறந்துபோகவில்லை.

மறுநாள் காலையில் எல்லையில் யாரும் இல்லை. தேநீர்க்கடையில் இருந்த சாத்தையாவிடம் அழகம்மை கேட்டாள்.

"சத்தியம் பண்ணுனோம்மா, ஞாபகம் இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் தேநீரை ஆற்றிக் குடித்தார். வேன்கள் வரிசையாக வந்து நின்றன.

அழகம்மை நிதானமாக யோசித்தாள். இப்படியே விட்டால் இந்த வருடமே அடிச்செடிகள் முழுக்க அழிந்துவிடும். வெட்டுகிறவர்கள் காட்டை முடிக்க இன்னும் சில வருடங்கள் ஆகும். வேன்களில் வந்தவர்களை எல்லையிலேயே காத்திருக்கச் சொல்லிவிட்டு, வெளியே இருந்த வேலியின் விசைப்பெட்டி அருகே போனாள். அங்கிருந்து குதிரையின் காலடியில் உட்கார்ந்திருந்த பொற்கிளி தெரிந்தாள். இரவெல்லாம் அங்கேயே இருந்திருக்கிறாள்.

"அக்கா, வேலிய நிறுத்தப்போறேன்."

"நேத்து எங்கையப் புடிச்சிக்கிட்டு நிறுத்தமாட்டேன்னிங்களே."

"ஆமாக்கா. சொன்னேன்."

"அத நிறுத்துனா எம்புள்ள மறுபடி ஒண்ணுமில்லாமப் போயிருவான் தாயி" என்றாள் பொற்கிளி. அழத் தொடங்கினாள். "ஒரே ஒரு எட்டு உள்ள வந்து நில்லுங்க. நின்னுக்கிட்டு, நிறுத்துறேன்னு சொல்லுங்க. அப்புறம் நான் ஒண்ணும் சொல்லல."

உள்ளே போனால் தன்னால் நிறுத்த முடியாது என்று அழகம்மைக்குத் தெரியும். அதனால் போகவில்லை. விசையை இறக்கினாள்.

பொற்கிளியின் அழுகை பாதியில் நின்றது. பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, முழங்காலில் கையூன்றி எழுந்தாள். அண்ணாந்து பார்த்தாள். வீரைக் கிளை ஒன்று தழையோடு தாழ்ந்திருந்தது. அதை முறித்தாள்.

"ஆட்டுக்கு ஆகும்" என்றாள்.

அடுத்த கிளை உயரத்தில் இருந்தது. எம்பிப் பார்த்தும் அவளுக்கு எட்டவில்லை. அழகம்மை உள்ளே போய் அதை வளைத்துப் பிடித்துக்கொடுத்தாள்.