பச்சைக்கு மூன்று வினாடி முன்

ஆம்பல் குடியிருப்பில் ஒரு வீடு காலியானால், அது யாருக்கு என்பதைப் பொம்மைப் படகு விட்டுத்தான் முடிவு செய்வார்கள்.

ஆரம்பத்தில் குழு போட்டார்கள். வீடுகள் குழுவினரின் மைத்துனர்களுக்கே போயின. பிறகு சீட்டுக் குலுக்கினார்கள். குலுக்கியது யார் கை என்று சண்டை வந்தது. கடைசியில் யாரோ ஒருவர், வெளியே வீசுகிற காற்றுக்கு இங்கே சொந்தக்காரர்கள் கிடையாதே என்றார். அன்றிலிருந்து வீட்டுப் பொறுப்பைக் காற்றிடம் கொடுத்துவிட்டார்கள்.

டைட்டன் என்னும் சனியின் நிலவில், மீத்தேன் கடலோரத்துப் பனிப்பாறையைக் குடைந்து அமைத்த குடியிருப்பு அது. நானூற்றுச் சொச்சம் பேர், மூன்று தலைமுறைகள். மொத்த வீடுகளில் பன்னிரண்டுக்கு மட்டும்தான் ஜன்னல் உண்டு. அந்த ஜன்னல் வழியே பார்த்தால் ஆரஞ்சு நிற மூட்டமும், அதன் அடியில் தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல் மெல்ல எழுந்து மெல்ல அடங்கும் அலைகளும் தெரியும். ஈர்ப்பு குறைவென்பதால் அலைகளுக்கு அங்கே அவசரமே இல்லை. ஒரு பகல் எட்டு நாள் நீளும்.

ஜன்னல் இல்லாதவர்களில் சிலருக்குச் சுவர்நோய் வந்தது. நான்கைந்து அடிக்கு மேல் பார்க்க எதுவுமில்லாத கண், தூரம் என்ற ஒன்றையே மறந்துவிடும் நோய். குமுதினியின் கணவன் அறவாழிக்கு அது வந்து ஏழு மாதமாகிறது. நடைகூடத்தின் அந்தக் கோடியிலிருந்து அவள் நடந்து வந்தால், பக்கத்தில் வரும்வரை அவனுக்குச் சுவரில் ஒரு கறை நகர்வதாகத்தான் தெரியும். கண்ணோடு நின்றால் பரவாயில்லை. நேற்றும் நாளையும்கூட அவனுக்கு மங்கிக்கொண்டு வந்தன.

"தூரம் பாக்கணும், தினமும் பாக்கணும்," என்றார் மருத்துவர். "ஒரு ஜன்னல் வீடு கெடச்சாச் சரியாப் போயிரும். இல்லன்னா உறக்கப்பேழைதான். பூமிக் கப்பல் வர்ற வரைக்கும் அதுல தூங்க வெக்கணும், அதுக்கு நாலு வருஷம் ஆகுமே."

நான்கு வருடம். குமுதினி அன்று காற்றுக்குழாய்களைப் பழுதுபார்க்கும்போது இரண்டு முறை கையைச் சுட்டுக்கொண்டாள். வெளியே போய்ப் பார்க்கலாமே என்றால், குளிர்தாங்கும் வெளியங்கிக்கு ஆகும் மின்சாரம் கொஞ்சநஞ்சமல்ல. ஆளுக்கு மாதம் ஒரு மணி நேரம், அவ்வளவுதான். ஜன்னல் வீட்டுக்காரர்களிடம் கேட்டும் பார்த்தாள். இரண்டு நாள் வாங்க வாங்க என்றார்கள். மூன்றாம் நாள் கதவு திறக்க வெகுநேரம் ஆனது.

அப்போதுதான் ஏழாம் எண் ஜன்னல் வீடு காலியாயிற்று.

படகு ஒரு முழ நீளம் இருக்கும். மோட்டார் வைக்கக் கூடாது. அந்தக் கடலில் கொஞ்சம் சூடு பட்டாலும் மீத்தேன் கொதித்துக் குமிழிவிடும், படகு குமிழிக்குள் சரிந்து முங்கிவிடும். ஆகவே பாய் மட்டும்தான். பாயையும் சுக்கானையும் திருப்புவது, ஒவ்வொருவர் பிடரியிலும் பதித்திருக்கும் எண்ணக்கடிவாளம். இடப்பக்கம் என்று நினைத்தால் படகு இடப்பக்கம் திரும்பும். கடிவாளம் என்று பெயர் வைத்தார்களே தவிர, யாருடைய எண்ணத்தையும் அது இழுத்துப் பிடித்ததில்லை.

இரண்டு மிதவைகளுக்கு நடுவே ஒளிக்கோடு ஒன்று போட்டிருப்பார்கள். கரையில் சிவப்பு விளக்கு எரியும். பக்கத்தில் பத்து, ஒன்பது, எட்டு என்று எண் இறங்கும். பச்சை விழுந்த பிறகுதான் கோட்டைத் தாண்ட வேண்டும். முந்தியவர் திரும்பி வந்து மறுபடி தொடங்க வேண்டும். காற்றுக்குச் சொந்தக்காரர்கள் இல்லாவிட்டாலும், கோட்டருகே நிற்கும் நடுவருக்கு இருந்தார்களே! பதினொரு வருடத்தில் நான்கு நடுவர்கள் ராஜினாமா செய்தார்கள். கடைசியாக இருந்தவரோடு சாப்பாட்டுக் கூடத்தில் ஒரே மேசையில் உட்கார மூன்று வருடம் ஆள் இல்லை.

ஆகவே பூமிக்கு எழுதிப் போட்டு ஓர் இயந்திர நடுவரை வரவழைத்தார்கள். ஒற்றைக் கண், சாம்பல் நிறக் கம்பம், மரியாதையான குரல். நேரியன் என்று பெயர் வைத்தார்கள். அது எங்கே எதைப் பார்த்துத் தொழில் கற்றது என்று யாரும் விசாரிக்கவில்லை. பூமியிலிருந்து வருவதென்றால் நல்லதாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை மனிதர்களுக்கு எந்த நிலவுக்குப் போனாலும் போகாது.

"எல்லாரும் முன்னாடியே விடுறாங்க குமுதி. நீயும் கொஞ்சம் விட்டா என்ன?" என்றான் அறவாழி. சொல்லும்போது அவள் முகத்தை ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்தத் தடவ மெஷின் பாக்குதுங்க. ஏமாத்த முடியாது. சரியா விடுறவங்களுக்குத்தான் கெடைக்கும்."

அவள் அதை முழுமையாக நம்பினாள். இருபது நாள் பயிற்சி செய்தாள். பச்சை விழும் கணத்தில் படகின் மூக்கு கோட்டைத் தொட வேண்டும், ஒரு விரற்கடை முன்னும் கூடாது, பின்னும் கூடாது. படகுக்குத் தொலைவு என்று பெயர் எழுதினாள். எண் நான்கு.

பந்தய நாளில் சூரியன் ஆரஞ்சு மூட்டத்துக்குப் பின்னால் ஒரு வெளுப்பாக எழுந்தது. வெளியங்கிகளில் ஐந்து போட்டியாளர்களும், ஆளுக்கொரு படகு பிடிப்பவருமாகக் கரையில் நின்றார்கள். குமுதினிக்குப் படகு பிடித்தது அறவாழி. கடலைப் பார்த்து நின்றான், ஆனால் தன் கையுறைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐந்து, நான்கு, மூன்று. மூன்று வந்ததும் மற்ற நான்கு படகுகளும் கோட்டைத் தாண்டின. முதலில் போனது சாப்பாட்டுக் கூடத்துச் சமையல்காரர் இருதயராஜின் கனத்த படகு. குமுதினிக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு, ஒன்று, பச்சை. தொலைவின் மூக்கு சரியாக அந்தக் கணத்தில் கோட்டைத் தொட்டது. அவள் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக எதையும் செய்ததில்லை.

"நான்காம் எண் படகு," என்றது நேரியன். "முறையற்ற தொடக்கம். திரும்பி வந்து மீண்டும் தொடங்கவும்."

திரும்பி வர அரைமணி ஆயிற்று. இருதயராஜ் ஜெயித்தார்.

குமுதினி அழுதுகொண்டே குடியிருப்புத் தலைவர் பொன்னுரங்கத்தின் அறைக்குப் போனாள். மற்றவர்களும் கூடவே வந்தார்கள். நேரியனையும் உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள்.

"பச்ச விழுந்த பெறகு போனது இந்தப் பொண்ணு ஒருத்திதான். அவளப் போயித் தப்புங்கிறியே?" என்றார் பொன்னுரங்கம்.

"ஆம். அவர் பச்சை விழும்வரை காத்திருந்தார். அதுதான் தவறு," என்றது நேரியன். "நான் நாற்பதாயிரம் கோடித் தொடக்கங்களைப் பார்த்துக் கற்றவன். காட்டட்டுமா?"

சுவரில் படம் ஓடியது. அகலமான, தட்டையான தரை. அதன்மேல் சக்கரம் வைத்த வண்டிகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. கடைப் பலகைகளில் தமிழ் எழுத்துகள் தெரிந்தன. வெயில் கொட்டியது. அறையில் இருந்த யாரும் சாலை என்ற ஒன்றைப் பார்த்ததில்லை. வாயைத் திறந்து பார்த்தார்கள்.

"சிவப்பு விளக்கைக் கவனியுங்கள். இறங்கும் எண்களையும் கவனியுங்கள்."

"கோடு எங்கப்பா?"

"வண்டிகளுக்கு அடியில் இருக்கிறது. எல்லோரும் அதைத் தாண்டித்தான் நிற்பார்கள். கோடு, அதற்குப் பின்னால் நிற்கக் கூடாது என்பதற்கான அடையாளம்."

ஐந்து, நான்கு, மூன்று. மொத்தக் கூட்டமும் கிளம்பியது. ஒரே ஒரு ஸ்கூட்டர்காரர் மட்டும் கால் ஊன்றி அப்படியே நின்றார். பின்னால் இருந்த அத்தனை வண்டிகளும் அலறின. ஒருவர் பக்கத்தில் வந்து கையை நீட்டி ஏதோ கேட்டுவிட்டுப் போனார். ஸ்கூட்டர்காரர் தலையைக் குனிந்துகொண்டு, பச்சை விழுமுன்பே கிளம்பினார்.

"ஆயிரத்தில் நான்கு பேர் இப்படிப் பச்சைக்காகக் காத்திருந்தார்கள். அந்த நால்வரையும் சுற்றியிருந்த எல்லோரும் ஒலியெழுப்பிக் கண்டித்திருக்கிறார்கள். ஆகவே குற்றம் யாருடையது என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை."

இருதயராஜ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மெஷினு சொல்றதுலயும் ஒரு ஞாயம் இருக்குங்க தலைவரே," என்றார்.

பொன்னுரங்கம் அவரை முறைத்தார். அங்கேயே நேரியனுக்குப் புது விதி போட்டுக் கொடுத்தார். பச்சைக்கு முன்னால் கோட்டைத் தாண்டுவது குற்றம். ஒரு படகு முந்தினாலும் ஐந்து படகுகளும் திரும்ப வேண்டும். ஒழுங்காகத் தொடங்கும்வரை யாரும் கரையைவிட்டு நகரக் கூடாது. பந்தயம் முடியும்வரை வெளியங்கிக்கு மணிக்கணக்கு இல்லை. தூங்கவும் சாப்பிடவும் மட்டும் உள்ளே வரலாம்.

மறுநாள் மறுபந்தயம். குமுதினி கோட்டுக்குப் பின்னால் முதலில் வந்து காத்திருந்தாள். எண் மூன்றுக்கு இறங்கியதும் பின்னாலிருந்து ஓர் ஊதல் கேட்டது. மூட்டத்தில் வழி தப்பினால் ஊதுவதற்காக வெளியங்கியில் வைத்திருக்கும் ஊதி. அடுத்து இன்னொன்று, பிறகு நான்கும் சேர்ந்து. குமுதினியின் எண்ணம் திடுக்கிட்டது. எண்ணம் திடுக்கிட்டால் படகு சும்மா இருக்குமா?

"நான்காம் எண். முந்திய தொடக்கம். எல்லாப் படகுகளும் திரும்பவும்."

"ஏண்ணே ஊதுனீங்க?" என்று கத்தினாள்.

இருதயராஜ் தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியலயே தங்கச்சி. கை தானாப் போச்சு." பொய் சொல்லவில்லை. அந்த நிலவில் ஒரு சாலைகூட இல்லை.

ஊதிகளைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். அப்போதும் நின்றபாடில்லை. பக்கத்துப் படகு போய்விடுமோ என்று இந்தப் படகு போயிற்று. இந்தப் படகு போகப்போகிறதே என்று அந்தப் படகு போயிற்று. நேரியன் அலுக்காமல் எண்ணைச் சொல்லிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் ஐந்து பாய்களும் சோம்பலாகத் திரும்பி, எதிர்காற்றில் ஊர்ந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு கரைக்கு வந்தன. பகல் நகராமல் நின்றது. அலைகள் எழுந்தன, யோசித்தன, அடங்கின. இது எந்த நாள், எத்தனையாவது தொடக்கம் என்பதே எல்லோருக்கும் ஒரு கனவுபோல் குழம்பிப்போயிற்று.

நான்காம் நாளில் அறவாழி, "மிதவ ஆடுது," என்றான்.

குமுதினி திரும்பினாள். மிதவை இருபதடிக்கு அப்பால் இருந்தது.

ஐந்தாம் நாளில் அவன் கையுறையைப் பார்ப்பதை விட்டுவிட்டான். ஆறாம் நாளில், "ரெண்டாவது மிதவைக்கு அந்தாண்ட ஏதோ கருப்பா நீளமா இருக்கே குமுதி, அது கரையா?" என்று கேட்டான். அது எதிர்க்கரை. அவளுக்கே மங்கலாகத்தான் தெரிந்தது. முகமூடிக்குள் கண்ணீரைத் துடைக்க முடியாது, அது அங்கேயே நின்றது. போன வருடம் கடலோரத்தில் தான் சொன்ன ஒரு வேடிக்கையையும் அவன் திடீரென்று ஞாபகப்படுத்திச் சிரித்தான்.

சாப்பாட்டு வேளையில் அவள் அவனை உள்ளே இழுத்துக்கொண்டு ஓடி மருத்துவரிடம் காட்டினாள். கண்ணைச் சோதித்துவிட்டு மருத்துவர், "அட, ஜன்னலே வேணாம் போல இருக்கே! இன்னும் ரெண்டு நாள் இப்பிடி வெளிய நின்னாப் போதும். பேழையும் வேணாம், ஒண்ணும் வேணாம்," என்றார்.

திரும்பிக் கரைக்கு வந்தபோது மற்ற நான்கு பேரும் கூடி நின்று ஏதோ பேசி முடித்திருந்தார்கள்.

"தங்கச்சி, முப்பத்தோரு தடவ ஆயிருச்சு," என்றார் இருதயராஜ். "வெக்கமா இருக்கு. நாங்க நாலு பேரும் சத்தியம் பண்ணிக்கிட்டோம். பச்ச விழுந்தாத்தான் நகருவோம். நீ எப்பவும் ஒழுங்குதான், ஒனக்குச் சொல்ல வேண்டியதில்ல."

காற்று ஏறியிருந்தது. அந்தக் காற்றில் கனத்த படகு முன்னே போகும், தொலைவு போன்ற இலேசான படகு தள்ளாடும். தொடக்கம் ஒழுங்காக நடந்தால் வீடு இருதயராஜுக்குத்தான். இன்று மாலைக்குள் எல்லோரும் வெளியங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். அறவாழியும் சுவர்களுக்குத் திரும்புவான்.

ஐந்து, நான்கு. நான்கு படகுகளும் பள்ளிப் பிள்ளைகள்போல் கோட்டுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றன. ஆம்பலின் சரித்திரத்தில் அப்படி ஒரு காட்சி நடந்ததேயில்லை. மூன்று.

தொலைவு தனியாக, சத்தமில்லாமல், கோட்டைத் தாண்டிப் போயிற்று. இம்முறை அவள் எண்ணம் திடுக்கிடவில்லை. நிதானமாக, தெரிந்தே நினைத்தாள்.

"நான்காம் எண். முந்திய தொடக்கம். எல்லாப் படகுகளும் திரும்பவும்."

"என்னம்மா இது, நீயுமா?" என்றார் இருதயராஜ். கோபத்தைவிட அதிர்ச்சிதான் அதிகம் இருந்தது.

அந்தப் பழைய படத்தில் மூன்று வினாடி முன்னால் கிளம்பிய அத்தனை பேரும் கேட்டிருந்தால் சொல்லியிருக்கக்கூடியதைத்தான் அவளும் சொன்னாள்.

"கொஞ்சம் அவசரம்ணே."

நேரியன் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. நாற்பதாயிரம் கோடித் தொடக்கங்களைப் பார்த்த அதற்கு, காரணம் எழுத ஓர் இடம் யாரும் வைத்துக் கொடுத்திருக்கவில்லை.

முப்பத்துமூன்றாம் முறை யாரும் பச்சைக்குக் காத்திருக்கவில்லை. அவளே போகும்போது நாங்கள் மட்டும் என்ன ஏமாளிகளா என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு சத்தியத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பகல் முடிய இருந்த இரண்டு நாளும் ஒழுங்கான தொடக்கம் ஒன்றுகூட இல்லாமல் அப்படியே ஓடின. அறவாழி எதிர்க்கரையில் பாறைகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

அவனுக்கு இப்போது கண் நன்றாகத் தெரிகிறது. ஏழாம் எண் ஜன்னல் வீடு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.