விழாத பந்து

கடலடிக் குடியிருப்பில் யார் புதுமனை புகுந்தாலும் அண்டை வீட்டார் சீராகக் கொண்டுவருவது ஒரு பசைக்குழாய். பாலும் பழமும் அப்புறம்தான்.

மெல்கியாசுக்கும் அது வந்தது. ஏனென்று இரண்டே நாளில் புரிந்துவிட்டது. கீழ்த்தளத்தில் அவன் வீட்டுச் சுவரிலும் ஓர் அழுத்தக்கல் பதித்திருந்தார்கள். பெரோவ்ஸ்கைட் ஆக்சைடாம், பெயர்தான் வாயில் நுழையாது, வேலை எளிது. வெளியே கடல் சுவரை அழுத்தும் கனமெல்லாம் ஓர் ஆப்பு வழியாக அந்தக் கல்லில் குவியும். அளவோடு இருக்கும்வரை கல் காந்தம். ஓர் இரும்புப் பந்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். அளவு மீறினால் உள்ளே அணுக்களின் அமைப்பு நசுங்கி, காந்தம் செத்துப்போகும். பந்து வெண்கலத் தட்டில் கணீரென்று விழும். சுவர் பிளக்கப்போகிறது, மேல்தளத்துக்கு ஓடு என்று அர்த்தம். மின்சாரம் போனாலும் பொய் சொல்லாத கல்.

பொய் சொல்லாததுதான் தொல்லை. சரக்குக் கலம் வந்து முட்டினாலும் சுவர் அமுங்கத்தானே செய்யும்? அப்போதும் பந்து விழுந்தது. கைக்குழந்தை ஒவ்வொரு முறையும் வீறிட்டது. தூக்கம் கெட்டு மனைவி சலேத் காய்ச்சலில் படுத்தாள்.

"ஒட்டிருங்க. ஊரே ஒட்டித்தான கெடக்கு," என்றாள்.

தயங்கினான். பிள்ளையின் முகத்தைப் பார்த்தான். பந்தைக் கல்லோடு ஒட்டினான். பாவி மனுஷன், பாசத்தில் செய்ததுதான்.

ஒரு மதியம் கீழ்த்தளச் சுவர் பிளந்தது. அவன் மேல்தளத்தில் வேலையில் இருந்தான். கீழே ஒரு வீட்டிலும் தட்டு ஒலிக்கவில்லை. மறுநாள் சலேத்தை எடுத்தபோது பிள்ளை அவள் கைக்குள் தூங்குகிற மாதிரியே கிடந்தது.

விசாரணைக்கு எந்திரன் வந்தது. பந்து மேலே இருக்கிறதா, கீழே கிடக்கிறதா என்று மட்டும் பார்க்கத் தெரிந்த எந்திரன். பந்து எதுவும் விழவில்லை, ஆகவே அழுத்தம் மீறவில்லை, மற்றத் தளங்களில் அச்சமின்றி வாழலாம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, மறுப்பு உண்டா என்று கேட்டது.

ஊர் தரையைப் பார்த்தது. மெல்கியாஸ் வாயைத் திறந்தான். உண்மையைச் சொன்னால் மிச்சம் இருக்கிறவர்களாவது பிழைப்பார்கள். ஆனால் பெண்டாட்டி பிள்ளையைக் கொன்றவன் என்ற பெயர் சாகும்வரை ஒட்டிக்கொள்ளும்.

"இல்லீங்க," என்றான்.

நடுத்தளத்தில் அவனுக்கு வேறு வீடு கொடுத்தார்கள். சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர் அழுது சிவந்த கண்ணோடு வந்தார். கையில் பசைக்குழாய் இருந்தது.

"நீங்களாச்சும் நிம்மதியாத் தூங்கணும் தம்பி."

மெல்கியாஸ் வாங்கிக்கொண்டான். வேண்டாமென்றால், ஏன் என்று கேட்பார்களே.